பத்தில் ஏழு பங்கு தரைக்கு: குறைந்த செலவில் ஒரு கொல்லைத் தோட்டமும் விளையாட்டிடமும்

பின்னணி

வீட்டுக்குப் பின்னால் 9 மீட்டருக்கு 7 மீட்டர் வெற்றிடம். புல்லும் கோரையும் மண்டிக் கிடந்தது, ஒரு மூலையில் பழைய மரச்சாமான் குவியல், இடப்பக்க வேலியோரம் ஆளுயர அரளிப் புதர், கொல்லையின் பின்மதில் ஓரத்தில் நடுத்தரமான ஒரு மரம். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, ஏழு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். பிள்ளைகள் வெளியே விளையாட வேண்டும், வீட்டுக்குக் கொஞ்சம் காய்கறியும் வர வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. இதுதான் அவர்கள் கேட்டது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கூட இருந்து வழி சொல்லும் வேலையை நான் பல வருடமாகச் செய்கிறேன், அப்படித்தான் இவர்கள் வீட்டுக்கும் போனேன். யார் எவர் என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் போகும்போதே அவர்களிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. ஒதுக்கிய பணத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால் ஆறு பங்கு, ஊஞ்சலும் சறுக்குமரமும் ஏணியும் சேர்ந்த ஒரு ரெடிமேட் செட்டுக்கு. மூன்று பங்கு பூந்தொட்டிக்கும் மூட்டையில் வரும் மண்ணுக்கும். மீதி ஒரு பங்கு மற்றதுக்கெல்லாம். செட்டைப் பின்மதில் ஓரத்தில் நிறுத்துவது, வீட்டை ஒட்டிப் பாத்தி போடுவது என்று அப்பா அழகாக வரைந்தும் வைத்திருந்தார். அந்தப் பட்டியலில் தரைக்கென்று ஒரு காசும் இல்லை. செடியின் வேர் போகிற தரை, பிள்ளை விழுகிற தரை, இரண்டுமே எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லைதான், செட்டுக்குத் தள்ளுபடி முடியப் போகிறது என்றார். பாட்டிதான் "இத்தனை நாள் சும்மா கிடந்த இடம், இன்னும் பதினைந்து நாள் கிடக்கட்டுமே" என்று முடித்து வைத்தார்.

அந்த இரண்டு வாரத்தில் பார்த்தது

முதலில் வெயில். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று வேளை நிழல் எது வரை வருகிறதோ அங்கே ஒரு கல் வைக்கச் சொன்னேன், அதைப் பெரியவள் எடுத்துச் செய்தாள். நாலே நாளில் படம் தெளிவாகிவிட்டது. வீட்டை ஒட்டிய பாதியில் பிற்பகலில் நல்ல நிழல். பின்பாதியின் இடப்பக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். தக்காளி மாதிரிக் காய்க்கிற செடிகளுக்கு அந்த ஆறு மணி நேரம் கட்டாயம் வேண்டும், இலைக்காக வளர்ப்பது என்றால் நாலு மணி நேரத்திலும் சமாளிக்கும். அப்பா வரைந்தபடி செய்திருந்தால் பாத்தி நிழலுக்கும், பிள்ளைகள் கொளுத்துகிற வெயிலுக்கும் போயிருப்பார்கள். வெயிலில் காய்ந்த சறுக்குமரம் சின்னப் பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும், இரும்புத் தகடு மட்டுமில்லை, பிளாஸ்டிக்கும்தான்.

அடுத்தது தண்ணீர். இரண்டு இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒரு தடவை நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிக் குச்சியால் அளந்தோம். இடப்பக்கக் குழியில் மணிக்குச் சுமார் 3 செ.மீ. இறங்கியது, அது போதும். வலப்பக்க மூலைக் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது, அடியில் கெட்டிக் களிமண். அந்த வாரமே ஒரு மழையும் வந்தது, வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்குத்தான் ஓடி நின்றது. ரெடிமேட் செட்டை நிறுத்த நினைத்ததும் அதே மூலைதான்.

மூன்றாவதாக, பிள்ளைகள். இதை அம்மாதான் கவனித்தார். பின்வாசலிலிருந்து மரத்தடிக்குக் குறுக்காக ஒரு ஒற்றையடித் தடம் ஏற்கெனவே தேய்ந்திருந்தது, இரண்டு பேரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதில் ஓடுகிறார்கள் என்று கணக்கே இல்லை. காகிதத்தில் போட்டிருந்த பாத்திகள் சரியாக அந்தத் தடத்தை மறித்துக்கொண்டு நின்றன. பிள்ளைகள் ஓடுகிற வழியில் பாத்தி போட்டால் மிதிபடப் போவது பாத்திதான், திட்டிப் பிரயோஜனமில்லை. அந்தத் தடத்தை அப்படியே நடைபாதையாக வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவானது.

கடைசியாக, ஆபத்து தரக்கூடியவை. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, இதயத் துடிப்பைக் கெடுக்கக் கூடியது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற இடத்தில் அது இருக்கவே கூடாது. வீட்டின் பின்சுவரில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கீழே மண்ணில் கிடந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுவரை ஒட்டின மண்ணில்தான் அது அதிகம் தங்கும், குழந்தை மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷயம் என்பதால் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. சுவரோரத்தில் ஒரு மாதிரி, பாத்தி வரப்போகிற இடத்தில் ஒரு மாதிரி என்று மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுவரோர மண்ணில் ஈயம் கூடுதலாக இருந்தது, பாத்தி இடத்தில் கவலைப்படும்படி இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

திட்டம் தலைகீழானது. விளையாட்டிடம் வீட்டுப் பக்கத்துக்கு வந்தது, அங்கே பிற்பகல் நிழலும் உண்டு, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியவும் செய்யும். பாத்திகள் பின்பக்கம் இடது ஓரத்துக்குப் போயின. வீட்டுச் சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்தை யாரும் தோண்டுவதில்லை என்று முடிவு செய்து, உரிந்த பெயின்டைத் தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துப் பொறுக்கி, மேலே அட்டையும் மூடாக்கும் போட்டு அடர்த்தியான பூச்செடிகள் வைத்தார்கள். பிள்ளைகள் கை அந்த மண்ணுக்குப் போகாமல் இருப்பதுதான் நோக்கம். அரளியைக் கையுறை போட்டு வேரோடு எடுத்தார்கள். அதை எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. மக்குக் குழியிலும் போடவில்லை, மூட்டை கட்டி வெளியேற்றினார்கள்.

ரெடிமேட் செட்டைக் கைவிடச் சொன்னது நான்தான், அதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. அந்த மாதிரிச் செட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1.8 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அது தொங்குகிற உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். 2 மீட்டர் உயரத்தில் தொங்கினால் முன்னால் நாலு, பின்னால் நாலு. மொத்த நீளமே 9 மீட்டர் இருக்கிற கொல்லையில் ஊஞ்சலை வைத்தால் வேறு எதற்குமே இடமிருக்காது. மரத்தில் கட்டலாமே என்று அப்பா கேட்டார். ஊஞ்சல் தாங்குகிற கிளை 20 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும், இந்த மரத்தில் அப்படி ஒரு கிளை இல்லை. அதனால் ஊஞ்சல் இல்லை என்றானது, பெரியவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக வந்தது மண்மேடு. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தண்ணீர் நின்ற மூலைக்கு ஓர் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, சரளை போட்டு, கூரைத் தண்ணீரை வெளியே திருப்ப வேண்டியிருந்தது. விளையாட்டிடத்தையும் 10 செ.மீ. தோண்டித் தாழ்த்த வேண்டியிருந்தது. இரண்டிலும் வந்த மண்ணை வெளியே கொட்ட வண்டிக்கூலி கொடுப்பானேன், அதையே குவித்து மிதித்து 70 செ.மீ. உயரத்துக்கு ஒரு மேடாக்கி, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு வீட்டிலிருந்து இலவசமாகக் கிடைத்த பிளாஸ்டிக் சறுக்கை அதன் சரிவில் படுக்க வைத்துவிட்டார்கள். ஏணி கிடையாது, ஏறுவதும் மேடுதான், பக்கவாட்டில் தவறினாலும் புல் சரிவில் உருளுவதோடு போயிற்று. பழைய பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பதால் வாங்கும்போதே வளைத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் உண்டா என்று தடவிப் பார்த்து எடுத்தோம். பெரியவளுக்காகத் தொங்கி விளையாட 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பி, அதன் கால்கள் சிமென்டில், சிமென்டின் தலை தரைக்கு நன்றாகக் கீழே.

கம்பிக்குக் கீழேயும் சறுக்கு வந்து முடிகிற இடத்திலும் மரச்சில்லு. புல்தரை மெத்தென்று இருக்கிறதே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஓடியாடித் தேய்ந்து காய்ந்த புல்தரை கிட்டத்தட்டக் கட்டாந்தரைதான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிற அளவுகளைத்தான் நான் பின்பற்றுகிறேன். அமுங்கிய பிறகும் 23 செ.மீ. நிற்க வேண்டும், அதற்கு முதலில் 30 செ.மீ. போட வேண்டும். அதே 23 செ.மீ.க்கு மணல் போட்டால் 1.2 மீட்டர் உயர விழுகைக்குத்தான் தாங்கும், மரச்சில்லு அதைவிட நன்றாகத் தாங்கும். மரம் வெட்டுகிறவர்களிடம் சில்லு சும்மாவே கிடைத்தது, வண்டிக்கு மட்டும் செலவு.

குவியலில் கிடந்த பழைய மரத்தைப் பாத்திக்கு விளிம்பாக வைக்க அம்மா ஆசைப்பட்டார். அதில் பாதி பெயின்ட் அடித்த பழைய நிலைச் சட்டங்கள், ஈயப் பயத்தில் அவற்றை ஒதுக்கினோம். சரக்கு அடுக்கி அனுப்புகிற பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும், எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம், எம்.பி. என்றிருந்தால் பூச்சி கொல்ல மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, வேண்டாம். அப்படித் தேடி எட்டுப் பலகை தேறியது. பழைய டயரை மணல் தொட்டியாக்கலாம் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை, உள்விளிம்பில் தேங்குகிற தண்ணீரில் ஒரே வாரத்தில் கொசு உற்பத்தியாகிவிடும். மணலுக்கும் ஒரு பலகைப் பெட்டிதான், பூனை வந்து அசிங்கம் செய்யாமல் இருக்க மூடியோடு.

பாத்திகள் இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம், இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டுகிற அளவு. பிள்ளைகளுக்கென்று 60 செ.மீ. அகலத்தில் ஒரு குட்டிப் பாத்தி. அடியில் அட்டை, மேலே மண்ணும் மக்கு உரமும் கலந்து 25 செ.மீ.

கடைசிக் கணக்கில் பத்துப் பங்கில் மண்ணுக்கும் மக்குக்கும் மூன்று, சில்லுக்கு இரண்டு, வாய்க்காலுக்கும் விளிம்புக்கும் ஒன்று. தண்ணீர்க் குழாய்க்கும் டிரம்முக்கும் இரண்டு. கருவிகளுக்கும் ஆணிக்கும் கம்பிக்கும் ஒன்று. கையிருப்பு ஒன்று.

நடந்தது

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே போனது. முள்ளங்கி நாலு வாரத்தில் வந்துவிடும் என்பதால் குட்டிப் பாத்தியில் அதைத்தான் முதலில் போடச் சொன்னேன், சின்னவன் தானே பிடுங்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். பாட்டி தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டுக்கொண்டு வெளியே உட்கார ஆரம்பித்தார். வாய்க்கால் வேலை செய்தது, அடுத்த பெரிய மழையில் அந்த மூலையில் தண்ணீர் நிற்கவில்லை.

இரண்டாம் மாதம் தக்காளி இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கின, வளர்ச்சியும் நின்றது. நோய் என்று நினைத்து மருந்து அடிக்கப் போனவரை நிறுத்திவிட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தால், உள்ளே மரச்சில்லு. மீந்த சில்லை வீணாக்க வேண்டாமே என்று அப்பா ஒரு பாத்தியில் மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டிருக்கிறார். மரத்தில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிரிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. மேலே மூடாக்காகப் போட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது, உள்ளே கலந்தால்தான். முடிந்தவரை சல்லடையில் சலித்து எடுத்து, நன்கு மக்கிய சாண எரு சேர்த்து, அந்த நடவுக்கு அந்தப் பாத்தியில் பீன்ஸ் போடச் சொன்னேன், அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துத் தரும். பீன்ஸ் சுமாராகக் காய்த்தது. தக்காளி போனது போனதுதான்.

கோரை அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. மற்ற களைகள் அட்டைக்கு அடியில் வெளிச்சமில்லாமல் செத்துவிடும், கோரை அப்படியில்லை, அதன் கிழங்கில் சேர்த்து வைத்த சத்து போதும் அதற்கு. இது எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் அழுத்திச் சொல்லவில்லை. அம்மா வாரம் தவறாமல் முளையைப் பார்த்ததும் பிடுங்கி, முடிந்த இடத்தில் கிழங்குவரை தோண்டி எடுத்துப் பார்க்கிறார். குறைந்திருக்கிறது, போகவில்லை.

மூன்றாம் மாதம்தான் எனக்குத் தூக்கம் கெட்ட சம்பவம். பெரியவள் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக் கை நழுவி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது, மருத்துவர் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார், பத்து நாளில் சரியானது. போய் அளந்து பார்த்தேன். சுற்றியெங்கும் 15 செ.மீ. சில்லு, சரியாகக் கம்பிக்குக் கீழே வெறும் 8. இருபது சதுர மீட்டருக்கு 30 செ.மீ. போட ஆறு கன மீட்டர் வேண்டும், வந்த வண்டியில் நாலுதான் இருந்தது. அதாவது ஆரம்பத்திலேயே 20 செ.மீ.தான். மீதி அடுத்த வண்டியில் வரட்டும், அதுவரை பிள்ளைகள் விளையாடட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். அடுத்த வண்டி வரவே இல்லை, நாங்களும் மறந்துவிட்டோம். இதற்கு நடுவில் இருந்ததும் அமுங்கியது, கம்பிக்குக் கீழே இருந்ததைக் கால்கள் உதைத்துத் தள்ளிவிட்டன. அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "அண்ணா, எவ்வளவு இருக்கணும்னு எங்களுக்கு ஒரு அடையாளம் வச்சிருந்தா நாங்களே பார்த்திருப்போம்" என்றார். அது ரொம்பச் சரி. கையிருப்புப் பங்கு அப்படியே இரண்டாவது சில்லு வண்டிக்குப் போனது, அதோடு தரைக்குப் போனது ஏழு பங்கானது, கம்பியின் இரண்டு காலிலும் 23 செ.மீ. உயரத்தில் சிவப்புக் கோடு போட்டோம். கோடு வெளியே தெரிந்தால் அன்றைக்குக் கம்பி கிடையாது, முதலில் வாரியால் சில்லை இழுத்துவிட வேண்டும். அந்த வேலையைப் பெரியவளே செய்கிறாள்.

தண்ணீர் விஷயத்திலும் ஒன்று தவறியது. குழாய் வீட்டுப் பக்கம், பாத்தி பின்பக்கம். பாத்தியருகே மூடியைத் திருகிப் பூட்டுகிற டிரம் வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரு சின்னக் குழந்தை மூழ்குவதற்கு 5 செ.மீ. தண்ணீர் போதும் என்பதால் பூட்டில் உறுதியாக இருந்தேன், வாளியில்கூடத் தண்ணீர் விட்டு வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் பூட்டைத் திறந்து, மொண்டு, மறுபடி பூட்டி என்று பத்து நாளுக்கு மேல் யாராலும் செய்ய முடியவில்லை. டிரம்முக்குத் தள்ளியிருந்த பாத்தி இரண்டு தடவை வாடியது.

ஆறாவது மாதம் போய்ப் பார்த்தபோது சறுக்கில் யாரும் அதிகம் ஏறுவதில்லை. ஆனால் மேடு காலியாகவே இருப்பதில்லை. அதன் பின்சரிவில் பழைய பாத்திரங்களும் கரண்டிகளும் வைத்துச் சேறு குழைக்கிறார்கள், வாய்க்கால் சரளையில் அணை கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய எதையும் இவ்வளவு நேரம் அவர்கள் தொடவில்லை என்று அப்பாவே சொன்னார். செட்டுக்காக அவர் போட்ட படம் இன்னும் பெட்டியில் இருக்கிறதாம்.

மறுபடி செய்தால் மாற்றுவது

சில்லு முழு ஆழத்துக்கு வந்து சேரும்வரை கம்பியை மாட்ட மாட்டேன். கால்களை நட்டு, குறுக்குக் கம்பியை என் வண்டியிலேயே வைத்திருப்பேன், சிவப்புக் கோடு மூடிய அன்றைக்குத்தான் மாட்டுவது. இப்போது போகிற எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறேன்.

டிரம்முக்குப் போன காசில் குழாயையே பாத்திவரை நீட்டியிருப்பேன். மண்ணுக்கடியில் ஒரு குழாய் புதைத்துப் பாத்தியருகே ஒரு திருகு வைப்பதற்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகியிருக்கும்.

கோரை இருக்கிற இடத்தில் முதல் பருவத்துக்குப் பாத்தியே போடாமல், கிளறிக் கிளறிக் கிழங்கைப் பொறுக்குவதை மட்டும் செய்யச் சொல்வேன். செடிகளைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பொறுமையைச் சோதிக்கிற யோசனைதான், புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

பாத்தியும் ஒன்றே போதும். வேலைக்குப் போகிற இரண்டு பேர், வயதான ஒருவர் இருக்கிற வீட்டுக்கு முதல் வருடம் இரண்டு பெரிய பாத்தி அதிகம். இரண்டாவதற்கு ஆன மண்ணும் மக்கும் மிச்சமாகியிருந்தால் குழாய் நீட்டின செலவு அதிலேயே சரியாகியிருக்கும். வாடின அந்தப் பாத்தியில் இப்போது சூரியகாந்தி விதைத்திருக்கிறார்கள், நடுவில் உட்கார இடம் விட்டு வட்டமாக. சின்னவன் அதைத் தன் வீடு என்கிறான்.